கடைசியாக ஏறியவர்

அந்த ஸ்டீரியோ ரிசீவரை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கியதற்குக் காரணம், அதன் முகப்பில் இருந்த இரண்டு பொத்தான்கள். ஒன்றின் மேல் ஏ என்றும் மற்றதன் மேல் பி என்றும் எழுதியிருந்தது. ஏ-யை அழுத்தினால் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாடும், பி-யை அழுத்தினால் இன்னொரு ஜோடி பாடும், இரண்டையும் அழுத்தினால் எல்லாம் பாடும். கீழே அண்ணன், மாடியில் தங்கை என்று ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான பெட்டி கிடையாது என்று கடைக்காரர் சொன்னார். கடையிலேயே மலிவான பெட்டி அதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

வந்தவர்கள் இருவர். அண்ணன், லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கயிறு, கதவு, உருளை ஆகியவை அவர் பொறுப்பு. மின்சாரப் பெட்டியைத் திறப்பதற்கு வேறொருவர் வருவார். கூட வந்தவர் அவருடைய தங்கை கணவர், பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, முகம் தெரியாதவர்களுக்குப் பல் வரிசை அமைத்துக் கொடுப்பார். லிஃப்ட்காரர் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டதால் தெருவும் அப்படியே கூப்பிட்டது. வயதில் மூத்த காய்கறிக்காரி வரை அவர் எல்லோருக்கும் மாப்பிள்ளைதான்.

அதுவரை இருவரும் போனில்தான் பாட்டு கேட்டார்கள். டம்ளருக்குள் போனை நிறுத்திவைத்தால் சத்தம் கொஞ்சம் கூடும் என்பது மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு. நாள் முழுதும் பல் தேய்க்கும் கருவியின் கீச்சொலியில் இருப்பவர் என்பதால் மாலையில் அவருக்கு வாத்திய இசை வேண்டும். யாரும் பாடக் கூடாது. லிஃப்ட்காரருக்கோ யாராவது பாட வேண்டும், முடிந்தால் உரக்க. மாப்பிள்ளையின் இசையை அவர் 'வாயில்லாப் பாட்டு' என்பார். கேட்க மாட்டேன் என்று சொன்னதில்லை.

ரிசீவர் வீட்டுக்கு வந்தது. கறுப்பாக, ஒரு சின்னத் துணிப்பெட்டியின் அகலத்தில், தூக்கினால் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ரிமோட் கிடையாது. ரிமோட் உள்ள பெட்டி வேறு, அது மேல்தட்டில் இருந்தது. இதில் இருந்தது ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு சத்தத் திருகு. அதைத் திருப்பும்போது விரலுக்குத் தட்டுப்பட்ட மெல்லிய இறுக்கத்தில் இருவருக்குமே தாங்கள் ஏதோ பெரிதாக வாங்கிவிட்டதாகத் தோன்றியது. முதல் நாள் மாலை வயலின் ஒன்று அறையின் இடது மூலையிலும் அதற்குப் பதில் சொல்லும் இன்னொன்று வலது மூலையிலும் வாசித்தபோது லிஃப்ட்காரரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். வாயில்லாப் பாட்டுக்கு அந்த வீட்டில் கிடைத்த பெரிய மரியாதை அது.

பெட்டி கீழே கூடத்து அலமாரியில் அமர்ந்தது. மாடிக்குப் போகும் ஒயரை மாப்பிள்ளை ஜன்னல் வழியாக எடுத்து, மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, பல் வரிசை போல ஒரே இடைவெளியில் கிளிப் அடித்து மேலே கொண்டுபோனார். பாட்டை மாடியிலிருந்தே போனில் அனுப்பலாம். சத்தத்தைக் கூட்டவும் பொத்தானை அழுத்தவும் கீழேதான் வர வேண்டும். வேலை முடிந்து வந்ததும் லிஃப்ட்காரரின் பாட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையின் இசை என்று பேசிக்கொண்டார்கள்.

ஏ யாருக்கு என்பது பேசப்படவில்லை.

"லிஃப்டுல பட்டன் கீழேருந்துதான் ஆரம்பிக்கும் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் தன் ஒயரை ஏ-யில் மாட்டினார்.

"ஆகட்டும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவர் மனைவி கவனித்தார்.

அவர் மனைவி, அதாவது லிஃப்ட்காரரின் தங்கை, பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர். எதையும் இரண்டு முறை சொல்வது தொழில் பழக்கம், அது வீட்டுக்கும் வந்துவிட்டது. காலையில் லிஃப்ட்காரர் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியின் கீழ் நின்று "போயிட்டு வரேன்" என்பார். மேலிருந்து "சரிண்ணே, சரிண்ணே" என்று வரும். அதைக் கேட்ட பிறகுதான் செருப்பைப் போடுவார்.

ஸ்பீக்கர்களை அவரவர் தனியாக வாங்கியிருந்தார்கள். லிஃப்ட்காரருடையவை மூடிவிட்ட ஸ்கேட்டிங் அரங்கு ஒன்றிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் சின்ன பிரிட்ஜ் உயரம். மாப்பிள்ளையுடையவை ஷூ டப்பா அளவு. இரண்டு ஜோடியும் பாடும்போது திருகைப் பாதிக்குக் கிட்டே கொண்டுபோனால் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பச்சை விளக்கு சிவப்பாகும். வீடு முழுக்க அமைதியாகிவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி போட வேண்டும்.

லிஃப்ட்காரருக்கு இது பிடித்துப்போனது. "நல்ல பெட்டி. தாங்கலைன்னா வாயை மூடிக்குது. இந்த வீட்ல வேற யாருக்கு அந்தப் புத்தி இருக்கு?" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி தன் வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னதைப் பொய்யாக்கினார்.

ஆனால் பாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விடுவது அவர் தொழிலுக்கு அழகல்ல. ஸ்பீக்கர்களைத் திருப்பி முதுகைப் படித்தார். தன்னுடையதில் 4 என்று போட்டுப் பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறி இருந்தது. மாடிக்குப் போய் அங்கேயும் பார்த்தார். அதே லாடம், 8. லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் நான்கு பேர், எட்டு பேர் என்று போட்டிருப்பதை ஆயுள் முழுக்கப் படித்தவர் அவர்.

"என்னுது நாலு, உங்களுது எட்டு. பாரம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை தன் ஷூ டப்பாக்களைப் பார்த்தார். படியிறங்கிவந்து பிரிட்ஜ்களையும் ஒரு முறை பார்த்தார். அவருக்குத் தெரிந்தது பல். எண்களோடு அவர் வாதாடவில்லை.

பாரம் மீறினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு லிஃப்ட்காரரிடம் ஒரு விதி இருந்தது. லிஃப்டில் மணி அடித்தால் யார் குண்டு, யார் ஒல்லி என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் சண்டை வரும். கடைசியாக ஏறியவர் இறங்கிவிட வேண்டும். முதலாளியாக இருந்தாலும் சரி, தண்ணீர் கேன் போடுபவராக இருந்தாலும் சரி. எந்தக் கட்டடத்திலும் யாரும் இதை மறுத்துப் பார்த்ததில்லை என்று ஒருநாள் எல்லோருக்கும் விளக்கினார். எல்லோரும் அது நியாயம் என்றுதான் சொன்னார்கள்.

பிரச்சினை, பல் மருத்துவர் வந்த அன்று ஆரம்பித்தது. பல் கூடத்துக்கு வரும் வேலையில் பெரும்பகுதியை அனுப்புபவர் அவர். வாத்திய இசைப் பிரியர். மாப்பிள்ளை ரிசீவரைப் பற்றி அவரிடம் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு மாலை அவரே வருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை கீழே வந்து மச்சானிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார், ஒழுங்கான தலையாட்டலும் கிடைத்தது. மாடியில் மருத்துவருக்கு நல்ல நாற்காலி போடப்பட்டது.

மரியாதைக்காக லிஃப்ட்காரரும் தன் ஜோடியைப் போட்டுவைத்து, கீழே நேராக உட்கார்ந்து வாயில்லாப் பாட்டைக் கேட்டார். மாப்பிள்ளை வந்து திருகைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மேலே போனார். லிஃப்ட்காரர் எழுந்து பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. இன்னும் சற்று நேரத்தில் 'டிக்' என்றுவிடும், விருந்தாளி முன்னால் மாப்பிள்ளைக்கு அவமானமாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. அதைத் தடுப்பதற்காகத்தான் பி-யை அணைத்தார்.

மாடியில் இசை நின்றது. கீழே நிற்கவில்லை. மாடியில் இருந்தவர்கள் தரைக்கு அடியிலிருந்து மீதி இசை வருவதைக் கேட்டார்கள். "கீழே இன்னும் நல்லா கேக்குது போல" என்று மருத்துவர் நாகரிகமாகச் சொன்னாராம். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவரை வழியனுப்பிவிட்டு மாப்பிள்ளை கூடத்துக்குள் வந்தார். பின்னாலேயே தங்கையும் வந்தார்.

"மிஷின் நின்னுபோச்சா மச்சான்?"

"நிக்கலை. நிக்கறதுக்கு முன்னாடி பாரத்தைக் குறைச்சேன்."

"என்னைக் குறைச்சீங்க."

"பி-யைக் குறைச்சேன்."

"ஏ-யைக் குறைச்சிருக்கலாம். டாக்டர் மேலதான உக்காந்திருந்தார்."

"கடைசியா ஏறினவங்கதான் இறங்கணும் மாப்பிள்ளை. அது முறை."

லிஃப்ட்காரர் ஸ்பீக்கரைத்தான் சொன்னார். ஆனால் அந்த வீடு அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்பா விட்டுப்போனது. அதற்குள் கடைசியாக வந்து குடியேறியவர் யார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை அந்தப் பொத்தானைப் பார்த்தார்.

"சரி மச்சான். இறங்கிடறோம்" என்றார்.

அந்த வாரமே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் முடிவு சொல்வதாக வீட்டுக்காரரிடம் பேச்சு. இதைத் தங்கை கீழே வந்து எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் அறிவித்தார்: "ஞாயித்துக்கிழமை போய்ப் பேசி முடிக்கறோம் அண்ணி. ஞாயித்துக்கிழமை போய்ப் பேசி முடிக்கறோம்." அண்ணன் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு அண்ணிக்கு மட்டும்தான்.

"நான் ஸ்பீக்கரைத்தான் சொன்னேன்" என்றார் லிஃப்ட்காரர், தங்கை போன பிறகு.

"ஸ்பீக்கர் வீடு பார்க்கப் போகலையே" என்றார் மனைவி.

பெட்டி யாருக்கு என்று அடுத்த பேச்சு வந்தது. ஆண்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை என்பதால் பெண்கள் வழியாகவே நடந்தது. மச்சானே வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் டம்ளரிலேயே கேட்டுக்கொள்கிறோம் என்று மேலிருந்து வந்தது. ரசிகர் அவர்தான், அவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கீழிருந்து போனது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுப்பதில் பிடிவாதமாக இருந்ததால் பெட்டியை யாரும் போடவில்லை. லிஃப்ட்காரரின் மனைவி தூசி படியாமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். காய்ச்சலில் படுத்திருப்பவர் போல அது அலமாரியில் கிடந்தது.

காலையில் லிஃப்ட்காரர் வழக்கம்போலப் படியின் கீழ் நின்று "போயிட்டு வரேன்" என்றார். மேலிருந்து "சரிண்ணே" என்று வந்தது. அடுத்ததற்காகக் கொஞ்சம் நின்றார். வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

போகாதீர்கள் என்று சொன்னால் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கதவு விலகுகிறது, கயிறு தேய்ந்திருக்கிறது என்பது போன்ற வாக்கியங்களையே சொல்லிப் பழகியவர் அவர். இது வரவில்லை. தவிர, தன் பக்கம் நியாயம் இருப்பதாக வேறு நம்பினார். நாலு நாலுதான், எட்டு எட்டுதான்.

சனிக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் இயந்திர அறையில் வேலை. மின்சாரப் பெட்டியைத் திறப்பவர், பேனல்காரர் என்று பெயர், அவரும் வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட்காரர் நடந்ததை முழுக்கச் சொன்னார். எட்டை வைத்துக்கொண்டு நாலோடு ஒருவர் சண்டைக்கு வரலாமா என்று கேட்டு முடித்தார்.

பேனல்காரர் மெல்லுவதை நிறுத்தினார். "எது நாலு?"

"என்னுது."

பேனல்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "அது உள்ள ஏறுற ஆள் கணக்கு இல்லப்பா. வாசல்ல கரண்டை மறிச்சு நிக்கிற காவக்காரன் கணக்கு. எட்டுப் பேர் மறிச்சா கூட்டம் கம்மியாதான் உள்ள போகும். நாலு பேர் நின்னா தள்ளிக்கிட்டுப் போகும். உன்னோடதுதான் கரண்டை இழுக்குது. அது மேல இன்னொரு ஜோடியையும் மாட்டுனா அந்தச் சின்னப் பெட்டி என்ன பண்ணும், பாவம்."

லிஃப்ட்காரர் டப்பாவை மூடினார். "அப்ப இறங்க வேண்டியது?"

"நீதான்."

மதியத்துக்கு மேல் ஒரு கதவு உருளையை மாற்றினார், அதைத் தேவைக்கு மேல் சரிபார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்தார். ஒயர்களைக் கழற்றினார். மாடி ஒயரை ஏ-யில் மாட்டினார். தன்னுடையதை பி-யில் மாட்டினார். ஏ-யை மட்டும் அழுத்தினார். பிறகுதான் மாப்பிள்ளையின் இசை எதன் பெயரும் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அதனால் ரேடியோவைப் போட்டார். கீழே அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் பெட்டிக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளை பாதிப் படி இறங்கிவந்து நின்றார்.

"மச்சான், மேல முட்டைக்கோஸ்ல புழு விழுறதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க."

"இருக்கும்."

"கீழ சத்தமே இல்லையே."

"கீழ இறக்கிட்டேன்."

மாப்பிள்ளை மீதிப் படியையும் இறங்கினார். ஏ பொத்தான் உள்ளே இருந்தது, பி வெளியே. பெட்டியின் முதுகை எட்டிப் பார்த்து ஒயரை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"இப்ப ஏ நீங்க" என்றார் லிஃப்ட்காரர். "நாலுதான் கனமாம். எட்டு லேசாம். பேனல்காரன் சொன்னான். இத்தனை நாளும் பாரம் நான்தான்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. மாடிப்படியின் மேல்முனையில் தங்கை வந்து நின்றிருந்தார்.

லிஃப்ட்காரர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கடைசியா ஏறினவங்கன்னு சொன்னது லிஃப்டுக்குள்ள முறை. வீட்டுக்கு அது கிடையாது. நாளைக்குப் போகாதீங்க."

பேசி முடித்ததும் பச்சை விளக்கின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

மாப்பிள்ளை, "ரெண்டு ஜோடியும் போட்டா, இது எது வரைக்கும் தாங்கும்?" என்று மட்டும் கேட்டார். லிஃப்ட்காரர் பி-யையும் அழுத்தி, திருகை மெதுவாகத் திருப்பி, 'டிக்' வரும் இடத்தைக் காட்டினார். ஆறவிட்டு மறுபடி காட்டினார். அதற்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை பென்சிலால் முகப்பில் ஒரு கோடு போட்டார், திருகின் விளிம்பில் ஒரு கோடு போட்டார். சட்டைப்பையிலிருந்து ரப்பர் போன்ற எதையோ எடுத்துத் திருகின் ஓரத்தில் அழுத்தி அச்செடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

"என்ன சொன்னார்?" என்று மனைவி வந்து கேட்டார்.

"அளவெடுத்துட்டுப் போயிருக்கார்" என்றார் லிஃப்ட்காரர். அது எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையும் மாப்பிள்ளையும் வெளியே போகும் உடையில் இறங்கி வந்தார்கள். போய்விட்டு வருகிறோம் என்று அண்ணியிடம் சொன்னார்கள். லிஃப்ட்காரர் செய்தித்தாளை முகம் மறையும்படி உயர்த்திப் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகும் தாளை இறக்கவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்றார். இது மனைவியைக் கவலைப்படுத்தியது. அவருடைய அப்பா இறந்த அன்றுகூட அவருக்குப் பசித்தது.

வெயில் ஏறியபின் கேட் திறந்தது. மாப்பிள்ளை நேராகக் கூடத்துக்குள் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் இரண்டு கடைவாய்ப் பற்கள், இளஞ்சிவப்பு ஈறோடு.

"யாரோட பல்லு?" என்றார் லிஃப்ட்காரரின் மனைவி.

"யாருதும் இல்லைக்கா. செட்டுல மிஞ்சினது. ஈறை மட்டும் திருகு வளைவுக்கு ஏத்த மாதிரி செஞ்சேன். இன்னைக்குப் பல் கூடம் லீவு, சாவி என்கிட்ட இருந்தது."

ஒரு பல்லைத் திருகின் விளிம்பில் பென்சில் கோட்டில் ஒட்டினார். இன்னொன்றை முகப்பில் ஒட்டினார். பசை காயக் காத்திருந்தார். பிறகு இரண்டுக்கும் நடுவே கடி பார்க்கும் நீலத்தாளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப திருப்புங்க மச்சான்" என்றார்.

லிஃப்ட்காரர் திருப்பினார். திருகிலிருந்த மேல்பல் போய் முகப்பிலிருந்த கீழ்ப்பல்லின் மேல் உட்கார்ந்தது. திருகு நின்றது. மாப்பிள்ளை தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், ஓரிடத்தில் லேசாகத் தேய்த்தார், மறுபடி பார்த்தார்.

"கடி சரியா இருக்கு. இனி இதுக்கு மேல போகாது. யாரும் இறங்க வேண்டியதில்லை."

லிஃப்ட்காரர் தங்கையைப் பார்த்தார். "வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வரலைன்னு சொல்லிட்டோம்" என்றார் தங்கை. லிஃப்ட்காரர் காத்திருந்தார். "வரலைன்னு சொல்லிட்டோம்."

அவருக்குப் பசித்தது.

ஒயர்களை முன்பிருந்தபடியே மாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, வேண்டாம், மறுபடி யார் பெட்டியைத் திருப்புவது என்றார் லிஃப்ட்காரர். அன்று மாலை பற்கள் அனுமதித்த அளவில் கீழும் மேலும் வாயில்லாப் பாட்டு ஓடியது. திங்கட்கிழமை காலை படியின் கீழ் நின்று "போயிட்டு வரேன்" என்றவருக்கு, மேலிருந்து கணக்குப்படி பதில் வந்தது.

சில மாதம் கழித்துப் பல் மருத்துவர் மறுபடி இசை கேட்க வந்தார். போகும்போது கூடத்தில் நின்று ரிசீவரைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, முகப்பில் இருந்த பல்லை விரலால் தடவினார்.

"கீழ்ப்பல் நல்லாத் தேஞ்சிருக்கே."

"மச்சான் வேலைதான், டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் கொஞ்சம் போகுமான்னு தினமும் திருப்பிப் பார்க்கறார்."